கார் ஷெட்டின் பல்பு

ஜூன் 4, இரவு

அண்ணா,

இந்தக் கடிதத்தை யாரிடமும் காட்டாதே. உன் அறையில் தங்கியிருக்கும் வெல்டர் அண்ணன் யாருக்குக் கடிதம் வந்தாலும் எட்டிப் பார்ப்பார் என்று சொல்லியிருக்கிறாய். அவர் தூங்கிய பிறகு படி, படித்ததும் கிழித்துவிடு. சனிக்கிழமை போனில் இதைப் பற்றி ஒரு வார்த்தைகூடக் கேட்காதே. அம்மா ஸ்பீக்கரைப் போட்டுவிட்டுத்தான் உன்னோடு பேசுகிறாள். பதிலை வீட்டுக்கு அனுப்பாதே. என் தோழியின் அம்மா தையல் கடை வைத்திருக்கிறார், அந்த முகவரி உறைக்குப் பின்னால் இருக்கிறது. அங்கே அனுப்பு.

எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் மூன்று தாளைக் கசக்கிவிட்டேன். நேராகவே சொல்லிவிடுகிறேன். அன்றைக்கு இரவு கார் கிளம்பாததற்குக் காரணம் எதிர்வீட்டு பஸ் மாமா இல்லை. நான்.

நீ கிரேன் வேலைக்கு மலைக்குக் கிளம்பிய அன்று பானட்டைத் திறந்து எனக்குக் காட்டினாய். சிவப்பு கிளிப் இதில், கருப்பு கிளிப் இதில். சார்ஜரில் ஆரஞ்சு எரிந்தால் ஏறிக்கொண்டிருக்கிறது, பச்சை எரிந்தால் நிறைந்துவிட்டது. "கார் சும்மா நின்னா பேட்டரி தானா இறங்கிடும், எலி. ஞாயித்துக்கிழமை மாமா ஒரு சுத்து ஓட்டிட்டு வருவாரு, மத்த நாள் சார்ஜர் பார்த்துக்கும். நீ ஒண்ணே ஒண்ணு செய்யாதே, இந்தப் பல்பை அணைக்காதே" என்றாய். சார்ஜரின் பிளக்குக்குத் தனி சுவிட்ச் கிடையாது. ஷெட் பல்பின் சுவிட்சிலிருந்தே நீ ஒயர் இழுத்திருந்தாய். பல்பு அணைந்தால் சார்ஜரும் அணைந்துவிடும். சுவிட்சின் மேல் பிளாஸ்திரி ஒட்டி 'தொடாதே' என்று எழுதச் சொன்னாய். என் கையெழுத்துதான் அது.

நான் அதைத் தொட்டேன், அண்ணா. ஏப்ரல் கடைசியிலிருந்து தினமும் தொட்டேன்.

ஏன் என்று உன்னிடம் மட்டும் சொல்கிறேன். அப்பாவின் இருமலை என்னால் கேட்க முடியவில்லை. இத்தனை வருஷம் பஞ்சு மில்லில் இழுத்த தூசி என்று எனக்கும் தெரியும், அவர் வேண்டுமென்றா இருமுகிறார். ஆனால் வீட்டில் எந்த மூலையில் உட்கார்ந்தாலும் அது வந்துவிடும். கணக்கில் ஒரு வரி எழுதுவேன். அடுத்த வரிக்குள் வந்துவிடும். வராவிட்டால் இன்னும் மோசம், எப்போது வரும் என்று காது காத்துக்கொண்டே இருக்கும். ஒரு நாள் புத்தகத்தை எடுத்துக்கொண்டு காருக்குள் போய்க் கண்ணாடியை ஏற்றிக்கொண்டேன். ஒன்றும் கேட்கவில்லை. எவ்வளவு நன்றாக இருந்தது தெரியுமா.

பல்பு எரிந்தால் சமையலறை ஜன்னலிலிருந்து என் தலை தெரியும். அதனால் அதை அணைத்துவிட்டுக் காரின் மங்கலான உள்விளக்கைப் போட்டுக்கொண்டு சீட்டில் சரிந்து உட்கார்ந்துகொள்வேன். நாள்காட்டிக்குப் பின்னால் ஆணியில் தொங்கும் மாற்றுச் சாவியைப் போட்டு ரேடியோவும் கேட்பேன். வரும்போது மறக்காமல் பல்பைப் போட்டுவிடுவேன். முதலில் மறக்கவில்லை. பிறகு அம்மா "எங்கடி தொலைஞ்ச?" என்று கூப்பிடும்போது அப்படியே ஓடிவந்த நாட்கள் உண்டு. அம்மா கவனித்திருந்தாலும் சந்தோஷம்தான் பட்டிருப்பாள், பகலெல்லாம் அந்தப் பல்பு எரிவது அவளுக்கு ஆகவே ஆகாது. அந்தக் கடைசி வாரம் ஞாயிறு மாமா ஓட்டிவிட்டு வந்து நிறுத்தினார். திங்கள் முதல் வியாழன் வரை நான் பல்பைத் திரும்பப் போடவே இல்லை. வியாழன் அன்று உள்விளக்கையும் எரியவிட்டு இறங்கிவிட்டேன்.

வியாழன் இரவுதான் அப்பாவுக்கு மூச்சு முட்டியது.

அம்மா எதிர்வீட்டுக்கு ஓடினாள். மாமா சட்டைப் பொத்தான்கூடப் போடாமல் வந்தார். அந்த அவசரத்தில் பல்பு அணைந்திருந்ததை யாரும் கவனிக்கவில்லை. சாவியைத் திருப்பினார். டக் டக் என்று மட்டும் கேட்டது. நீதான் சொல்வாயே, ஷெட் தரை உள்பக்கமாகச் சரிந்திருக்கிறது என்று. மூன்று பேரும் தள்ளினோம், நகரவில்லை. மாமா ஒரு தடவை முழு பலத்தோடு தள்ளி அப்படியே இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். வாடகை வண்டி வர முப்பத்தைந்து நிமிஷம் ஆனது. அப்பாவின் உதடு நீலமாகிவிட்டது. நான் பார்த்தேன்.

இதற்குப் பிறகு செய்ததுதான் பெரிய தப்பு. எல்லாரும் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டார்கள், நான் மட்டும் வீட்டில். ஷெட்டுக்குப் போனேன். உள்விளக்கை அணைத்தேன், பல்பைப் போட்டேன், கிளிப் இரண்டையும் சரிபார்த்தேன். ஆரஞ்சு எரிந்தது. மறுநாள் சாயங்காலம் பச்சை. மூன்றாம் நாள் மெக்கானிக் வந்து பார்த்து, "பேட்டரியில ஒண்ணும் இல்லையேம்மா, யாரோ லைட்டை அணைக்காம விட்டிருக்காங்க" என்றார். அம்மா நேராக எதிர்வீட்டுக்குப் போனாள்.

"முப்பத்தோரு வருஷம் பஸ் ஓட்டினவன்மா நான். லைட்டை அணைக்காம இறங்குவேனா?"

"அப்போ பேட்டரி தானா செத்துப் பொழச்சுதா? சார்ஜர் பாட்டுக்கு ஓடிட்டுதான் இருக்கு, நான் கண்ணால பார்த்தேன்."

மாமா உள்ளே போய்ச் சாவியைக் கொண்டுவந்து அம்மா கையில் கொடுத்தார்.  நான் அம்மாவுக்குப் பின்னால்தான் நின்றுகொண்டிருந்தேன்.

அப்பாவை எட்டு நாள் கழித்துக் கூட்டிவந்தார்கள். இப்போது குளியலறை வரை போக நடுவில் ஒரு தடவை நிற்கிறார். "அரை மணி முன்னாடி வந்திருந்தா நுரையீரல் இவ்வளவு போயிருக்காது" என்று டாக்டர் சொன்னாராம். அம்மா அதை வருகிறவர்கள் எல்லாரிடமும் சொல்கிறாள். எதிர்வீட்டுக்குக் கேட்கிற மாதிரி சொல்கிறாள்.

இப்போது பேட்டரி நிறைந்திருக்கிறது, ஓட்டத்தான் ஆள் இல்லை. அப்பாவுக்கு மறுபடி வந்தால் என்ன செய்வோம்? அம்மாவிடம் சொல்ல பயமாக இருக்கிறது. அப்பாவிடம் சொல்ல அதைவிட பயம். அம்மா அடிப்பாள், திட்டுவாள், முடிந்துவிடும். அப்பா, ஏன் காருக்குப் போனே என்று கேட்பார்.

எலி


ஜூன் 12

எலிக்கு,

உன் கடிதம் நேற்று சாமான் லாரியில் வந்தது. கிழித்துவிட்டேன். முதலில் கோபத்தில் கிழித்தேன், அப்புறம் நீ சொன்னபடி சின்னச் சின்னதாகக் கிழித்தேன். இன்று கிரேனில் ஏறினேன். மேஸ்திரி கீழே இருந்து கத்தினார், "என்னப்பா, ராத்திரி தூங்கலையா, இரும்பு ஊஞ்சல் ஆடுது" என்று.

உன்னைத் திட்டத்தான் உட்கார்ந்தேன். பல்பை மறந்ததைக்கூட விடு. எல்லாரும் ஆஸ்பத்திரியில் இருந்தபோது உள்விளக்கை அணைத்தாயே, அது எப்படி முடிந்தது உன்னால்? பதினைந்து வயதில் எனக்கு அவ்வளவு சாமர்த்தியம் கிடையாது.

இன்னொன்றும் இருக்கிறது. அதை உன்னிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது. அம்மா போனில் சொன்ன அன்றே மாமாவுக்கு ஒரு கடிதம் எழுதிப் போட்டுவிட்டேன். "உங்களை நம்பித்தான் அப்பாவை விட்டு வந்தேன். வயசாகிவிட்டது என்றால் முதலிலேயே முடியாது என்று சொல்லியிருக்கலாம்." இப்படி எழுதினேன். என்னைத் தோளில் தூக்கி ஸ்டியரிங் முன்னால் உட்காரவைத்த மனிதருக்கு. அது அவர் கையில் கிடைத்து ஒரு வாரம் ஆகியிருக்கும். போன கடிதத்தைத் திருப்பிக் கூப்பிட வழியில்லை.

யோசித்துப் பார்த்தேன். தப்பு என் பேரில் இருக்கட்டும். பல்பு சுவிட்சிலிருந்து ஒயர் இழுத்தது நான்தானே. தனி லைன் போட எலக்ட்ரீஷியன் ஒரு நாள் கேட்டார், எனக்கு மறுநாள் பஸ். அதனால் சனிக்கிழமை போனில், "ஒயரிங் லூசா இருந்திருக்கும், என் தப்பு" என்று சொல்லிவிடுகிறேன். நீ வாயைத் திறக்காதே. மாமாவுக்கும் அப்படியே எழுதிவிடுகிறேன்.

அப்பாவிடம் நீ ஏன் போனாய் என்பதைச் சொல்லாதே. அது மட்டும் வேண்டாம்.

பல்பு எரிகிறதா?

அண்ணன்


ஜூன் 18, இரவு

அண்ணா,

பல்பு எரிகிறது. பள்ளிக்கூடம் போகும்முன் ஒரு தடவை, வந்ததும் ஒரு தடவை, படுக்கும்முன் ஒரு தடவை பார்க்கிறேன். காருக்குள் போவதில்லை.

நீ போனில் சொன்னது பலிக்கவில்லை. லைன் துண்டானதும் இங்கே என்ன நடந்தது என்று உனக்குத் தெரியாது.

அம்மா போனை வைத்துவிட்டு அப்பாவைப் பார்த்தாள். "பாருங்க உங்க பிள்ளையை. அந்த மனுஷனைக் காப்பாத்த பழியைத் தன் தலையில போட்டுக்கிறான். அவரே கடிதம் போட்டு அழுதிருப்பாரு, இவனும் இளகிட்டான்" என்றாள். "ஒயர் லூசா இருந்தா இப்போ மட்டும் எப்படி எரியுது?" என்றும் கேட்டாள்.  அதற்குப் பதில் வைத்திருந்த நான் தட்டு கழுவிக்கொண்டிருந்தேன்.

நீ பொய் சொன்னதால் மாமா மேல் கோபம் கூடித்தான் போயிற்று.

நான் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். சத்தியமாகத் திறந்தேன். அப்போது அப்பாவுக்கு இருமல் வந்தது. அம்மா தண்ணீர் எடுக்கப் போனாள். நான் அப்பாவின் முதுகைத் தடவிக்கொண்டு நின்றேன். இருமல் அடங்கியதும் அவர் மூச்சு வாங்க வாங்கக் கேட்டார், "இப்பல்லாம் சாயங்காலம் வெளிய போறதில்லையா நீ?"

எனக்குக் கை நின்றுவிட்டது.

"எங்கப்பா?"

"எங்கயோ. தோழி வீட்டுக்கோ எங்கயோ போவியே. ஆறு மணிக்குப் போனா எட்டு மணிக்கு வருவே."

"இல்லப்பா, படிக்கணும்."

"போயிட்டு வா. நீ இல்லாத நேரம்தான் எனக்குச் சௌகரியம்" என்று சொல்லிச் சிரித்தார். "உன் முன்னாடி இருமவே கூச்சமா இருக்குடி. நீ பேனாவை வச்சிட்டு நிமிர்ந்து நிமிர்ந்து பார்க்குறே. வாயைப் பொத்திக்கிட்டே உட்கார்ந்திருப்பேன். நீ வெளிய போனதும் ரெண்டு மணி நேரம் நிம்மதியா இருமுவேன்."

அம்மா தண்ணீரோடு வந்துவிட்டாள். நான் மாடிக்குப் போய் அழுதேன்.

அவர் இதுவரை இருமியது எல்லாம் அடக்கியது போக மீதி, அண்ணா. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

எனக்கு உன் பொய் வேண்டாம். ஆனால் உண்மையைச் சொல்லவும் வாய் வரவில்லை. மாமா வீட்டு ஜன்னல் பகலிலும் சாத்தியிருக்கிறது. அத்தை மட்டும் காலையில் பால் எடுக்க வருகிறார், என்னைப் பார்த்தால் தலையைத் திருப்பிக்கொள்கிறார். முன்பெல்லாம் "என்னடி, முடியைக் காக்கா கலைச்சுட்டுப் போச்சா?" என்று ஏதாவது கேட்காமல் போகமாட்டார்.

நான் என்ன செய்யட்டும்? நீ சொல்கிறபடி செய்கிறேன்.

எலி


ஜூன் 25

எலிக்கு,

நான் சொல்கிறபடி செய்யாதே. நான் சொன்ன ஒன்று ஏற்கெனவே எப்படி முடிந்தது என்று பார்த்தாய் அல்லவா.

மாமாவின் பதில் இன்று வந்தது. என் ஒயரிங் பொய் அவர் கைக்குப் போகும்முன் எழுதியது. அப்படியே எடுத்து எழுதுகிறேன்:

"தம்பி, உன் கடிதம் கிடைத்தது. லைட்டை அணைத்ததாகத்தான் எனக்கு ஞாபகம். ஆனால் இப்போது சத்தியம் செய்யச் சொன்னால் செய்ய மாட்டேன். நீ சொல்கிறபடி வயது ஆகிவிட்டது. இனிமேல் யார் வண்டியையும் எடுப்பதில்லை என்று முடிவு செய்துவிட்டேன். அப்பாவைக் கவனித்துக்கொள்ளவும்."

இவ்வளவுதான். இதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டுதான் வேலை செய்கிறேன். கோபமாக நாலு வார்த்தை எழுதியிருந்தால் தாங்கியிருப்பேன்.

நீ அப்பாவின் சத்தத்துக்குப் பயந்து காருக்குள் போனாய். முப்பது அடி தூரம். நான் எங்கே போனேன் என்று நினைக்கிறாய்? ஊரிலேயே கிரேன் வேலை இருந்தது, எலி. குடோனில் கூப்பிட்டார்கள். சம்பளம் குறைவு என்று அம்மாவிடம் சொன்னேன். குறைவுதான், ஆனால் பிழைக்க முடியாத அளவு இல்லை. இங்கே முதல் நாள் இரவு ஒரு சத்தமும் இல்லாமல் படுத்தபோது எனக்கும் எவ்வளவு நன்றாக இருந்தது தெரியுமா. உன் கடிதத்தில் அந்த வரி வந்ததும் என் வண்டவாளத்தை யாரோ உரக்கப் படித்த மாதிரி இருந்தது.

அதனால் உனக்குப் புத்தி சொல்ல எனக்கு வாய் இல்லை. மாமாவுக்கு இன்றே எழுதுகிறேன்: நான் எழுதியது தப்பு, ஒயர் என்று சொன்னதும் பொய், லைட்டை அணைக்காதது நீங்கள் இல்லை என்று. யார் என்று எழுத மாட்டேன். அதை நீ சொன்னால் சொல்லு. ஆனால் லாரி இங்கிருந்து போக ஐந்து நாள், தபால் சேர இன்னும் ஒரு நாள். எதிர்வீட்டுக்கு நீ போக எத்தனை அடி?

அண்ணன்


ஜூலை 1, இரவு 9.30

அண்ணா,

உன் கடிதத்தைத் தையல் கடையிலிருந்து வாங்கி, பையில் வைக்காமல் அங்கேயே நின்று படித்தேன். பிறகு வீட்டுக்குப் போகாமல் நேராக எதிர்வீட்டுக் கதவைத் தட்டினேன். வீட்டுக்குப் போயிருந்தால் மறுபடி தள்ளிப்போட்டிருப்பேன்.

அத்தைதான் திறந்தார். "உங்க அம்மா இன்னும் ஏதாவது சொல்லி அனுப்பினாளா?" என்றார்.

"இல்ல அத்தை. மாமாகிட்ட நான் ஒண்ணு சொல்லணும்."

மாமா கட்டிலில் இடுப்பில் பெல்ட் போட்டுச் சாய்ந்திருந்தார். கார் தள்ளிய அன்றிலிருந்து ஒரு காலை இழுத்துத்தான் நடக்கிறாராம். நான் உட்காராமல் நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். பல்பு, உள்விளக்கு, ரேடியோ, பிறகு அணைத்துவைத்தது, அம்மாவுக்குப் பின்னால் வாயை மூடிக்கொண்டு நின்றது. அழக்கூடாது என்று நினைத்தேன், அழுதுவிட்டேன்.  முடித்ததும் மாமா கேட்டார்:

"ரேடியோ எவ்வளவு நேரம் கேப்பே?"

"ரெண்டு மணி நேரம், மாமா."

"உள்லைட்டும் எரியும்?"

"ம்."

"சார்ஜர் நாலு நாளும் இல்ல."

"இல்ல."

அவர் விரல்விட்டு என்னவோ கணக்குப் போட்டார். "போதும், அது போதும். செத்துரும்" என்றார். பிறகு அத்தையைப் பார்த்து, "அப்போ நான் அணைச்சுட்டுத்தான் இறங்கியிருக்கேன்" என்றார்.

அவ்வளவுதான் சொன்னார். ஆனால் அவர் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும்.

அத்தைதான் என்னைப் பிடித்துக்கொண்டார். "உனக்குத் தெரியுமாடி இந்த ஒரு மாசம் இவர் பட்டது? ராத்திரி நாலு தடவை எழுந்து கேஸை மூடினேனான்னு பார்க்கிறாரு. கதவைப் பூட்டிட்டு, பூட்டினேனான்னு என்னைக் கேக்குறாரு. ஒயர்தான் காரணம்னு உங்க அண்ணன் எழுதினதையும் நம்பல, ஆறுதலுக்குச் சொல்றான்னுட்டாரு. போன வாரம் லைசென்சை எடுத்து என்கிட்ட குடுத்து, கிழிச்சுப் போட்டுருங்கிறாரு. தனக்கு மறதி நோய்னு முடிவே பண்ணிட்டாரு மனுஷன்."

நான் அவர் பெயரை மட்டும் கெடுத்ததாக நினைத்திருந்தேன், அண்ணா. அவரை அவரே நம்பாதபடி செய்துவிட்டேன்.

மன்னிப்புக் கேட்டேன்.  மாமா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். "போம்மா, வீட்டுக்குப் போ" என்று அத்தை கதவைச் சாத்தினார். அவர் மன்னிக்க வேண்டும் என்று ஒன்றும் இல்லை. எனக்கே

இரவு 11.40

மேலே பாதியில் விட்டது அப்பா கூப்பிட்டதால்தான். கூப்பிடவில்லை, சுவரைத் தட்டினார். மூச்சு முட்டுகிறது. போன தடவை மாதிரி இன்னும் ஆகவில்லை. மருந்தை இழுக்கவைத்து, தலையணை மூன்று அடுக்கி உட்காரவைத்தோம்.

அம்மா வாடகை வண்டிக்குப் போன் செய்தாள். நாற்பது நிமிஷம் ஆகும் என்றார்கள். அம்மா அலமாரியைத் திறந்து கார் சாவியை எடுத்தாள், கையில் வைத்துப் பார்த்தாள், மறுபடி வைத்தாள். "நல்ல காரு, நல்ல பேட்டரி, எல்லாம் இருக்கு. கைதான் இல்ல" என்றாள். அப்போதுதான் சொன்னேன். அப்பாவுக்கு முன்னாலேயே சொன்னேன். ஏன் காருக்குப் போனேன் என்பதையும் சொன்னேன், அப்பாவைப் பார்க்காமல்.

அம்மா அடிக்கவில்லை.  "அவரை என்னென்ன பேசியிருக்கேன்டி நான்" என்றாள். சாவியை என் கையில் வைத்து, "அப்பாவைப் பேசவிடாதே, பக்கத்துலயே உட்காரு" என்று சொல்லிவிட்டு எதிர்வீட்டுக்குப் போனாள்.

ஐந்து நிமிஷம் ஆகிறது. அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். சும்மா உட்கார முடியவில்லை. அப்பா என் தாளைப் பார்த்து, "அண்ணனுக்கா?" என்று வாயசைத்தார். தலையாட்டினேன். எழுது என்று கையைக் காட்டினார். இப்போது இருமுகிறார். வாயைப் பொத்தவில்லை. நான் எங்கேயும் போகவில்லை.

ஜன்னலில் எதிர்வீடு தெரிகிறது. முன் விளக்கு எரிகிறது. அம்மா வாசலில் நிற்கிறாள், என்ன பேசுகிறாள் என்று கேட்கவில்லை. கையைக் கூப்பியிருக்கிறாளோ என்னவோ, இங்கிருந்து முதுகுதான் தெரிகிறது. கதவு சாத்திக்கொண்டது. அம்மா அங்கேயே நிற்கிறாள், வரவில்லை.

அவர் வராவிட்டால், வாடகை வண்டி வர நாற்பது நிமிஷத்தில் இன்னும் முப்பது இருக்கிறது. அப்பாவின் உதட்டையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். நிறம் மாறவில்லை. மாறவில்லை.

எதிர்வீட்டு விளக்கு அணைந்துவிட்டது, அண்ணா. இருட்டில் அம்மா எங்கே என்று தெரியவில்லை. தெருவில் யாரோ நடக்கிறார்கள், மெதுவாக, ஒரு காலை இழுத்து இழுத்து. நம் கதவு தாழ் போடாமல்தான் இருக்கிறது. அம்மாவாக இருந்தால் தள்ளிக்கொண்டு வந்துவிடுவாள், தட்ட மாட்டாள்.

தட்டுகிறார்கள். சாவி என் கையில்தான் இருக்கிறது, திறக்கப் போகிறேன்.